பூச்சி தத்துறது தசையாலயா ஸ்பிரிங்காலயா, போன் வச்சே கண்டுபிடிக்கலாம்

இதுக்கெல்லாம் பெரிய ஹைஸ்பீட் கேமரா வேணும்னு நெனச்சு நெறைய பேர் ஆரம்பிக்கவே மாட்டாங்க, தேவையே இல்ல. போன் ஸ்லோமோல செகண்டுக்கு 240 பிரேம் போதும், ஏன்னா நாம பிடிக்கப்போறது உதைக்கிற நொடிய இல்ல, உதைச்சு முடிச்சு காத்துல போற வேகத்த.

போன பக்கவாட்டுல ஸ்டாண்டுல நிறுத்துங்க. பூச்சி தத்துற அதே கோட்டுல ஒரு ஸ்கேல் வைங்க, முன்னபின்ன இருந்தா அளவு தப்பாயிடும். வெயில்ல எடுத்தா தெளிவா வரும், ஆனா பூச்சி சூடாகறதுக்குள்ள முடிச்சு விட்டுடுங்க பாவம். கால் தரைய விட்டதும் வர்ற ரெண்டு மூணு பிரேம்ல, பிரேமுக்கு எத்தன மீட்டர் நகருதுன்னு பாத்து 240-ஆல பெருக்குங்க, அதான் வேகம்.

உதைக்கிற நேரம்தான் சிக்கல். ஒரு பிரேம்னாலே 4 மில்லிசெகண்டு, பல பூச்சி அதுக்குள்ள கெளம்பிடும். அதனால மடங்கின கால் முழுசா நீள்ற வரைக்கும் உடம்பு எவ்ளோ தூரம் நகருதுன்னு அளந்து, ரெண்டால பெருக்கி, வேகத்தால வகுங்க. வேகம் சீரா ஏறுதுன்னு வச்சுக்கிட்டா நேரம் கெடச்சிடும். அப்புறம் வேகத்தோட வர்க்கத்துல பாதிய அந்த நேரத்தால வகுத்தா, ஒரு கிலோ உடம்புக்கு இத்தன வாட்னு வரும்.

நுரைக்குள்ள குஞ்சு வளர்ற ஸ்பிட்டில்பக்க எடுத்துக்கோங்க. 70 செ.மீ உயரம் எகிறும், உதை சுமார் 1 மில்லிசெகண்டுதான். காத்துத் தடைய விட்டுட்டாலும் கெளம்புற வேகம் செகண்டுக்கு 3.7 மீட்டர், பவர் கிலோவுக்கு கிட்டத்தட்ட 6,900 வாட்! ஒரு கிலோ தசையால சில நூறு வாட்தான் குடுக்க முடியும். அப்போ தசை மெதுவா இழுத்து உடம்போட விறைப்பான பாகத்த வில் மாதிரி வளைச்சு வைக்குது, பூட்டு விட்டதும் மொத்தமும் ஒரே அடியா வெளிய வருது.

கணக்குல சில நூறு வாட் வந்தா உடனே ஸ்பிரிங் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, உடம்பு முழுக்க கால் தசை இல்லயே, அந்த தசையோட எடைக்கு மட்டும் போட்டா நம்பர் எங்கயோ போயிடும்.

தத்துற மெஷினுக்கும் இதே கணக்குதான், ஆனா அங்க ஒரு வசதி இருக்கு. தசை ஒரு தடவதான் சுருங்கி ஏத்த முடியும், மோட்டார் எத்தன சுத்து வேணா சுத்தி ஸ்பிரிங்க ஏத்திக்கிட்டே இருக்கலாம். 2022-ல கலிபோர்னியாவுல செஞ்ச 30 கிராம் ரோபோ 30 மீட்டருக்கு மேல எகிறினது இப்டித்தான், அதனால நீங்க செஞ்சா மோட்டார பெருசாக்காம ஸ்பிரிங்க பெருசாக்குங்க.