வெள்ளம் வடிந்த பிறகு முதலீட்டுக் கணக்கைத் தப்பாகப் படிக்காதீர்கள்

பேரிடர் வந்தால் அந்நிய முதலீடு ஓடிவிடும் என்கிறார்கள் சிலர். ஒரே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் வேறு சிலர். 2011 தாய்லாந்து வெள்ளத்தைப் பார்த்தால் இரண்டுமே அவசர முடிவு என்று தெரியும்.

முதலில், வளர்ச்சி விகிதத்தை அப்படியே நம்பாதீர்கள். 2011-ல் வளர்ச்சியே இல்லை என்னும் அளவுக்குத் தேங்கிய தாய்லாந்து, 2012-ல் 7 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. ஆனால் இந்த வளர்ச்சியை அளக்கும் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) அந்த வருட உற்பத்தியைத்தான் எண்ணும். வெள்ளத்தில் நாசமான இயந்திரத்தைக் கழிக்காது, ஆலையைச் சீரமைத்த வேலையை மட்டும் கூட்டிக்கொள்ளும். உலக வங்கி மதிப்பிட்ட சேதமும் இழப்பும் சுமார் 1.43 லட்சம் கோடி பாத் (தாய்லாந்து நாணயம்). அந்த 7 சதவீதத்தில் இதைத் தேடினாலும் கிடைக்காது. அந்நிய முதலீட்டுக் கணக்கும் அப்படித்தான், பழைய ஆலையைப் பழுதுபார்க்க ஜப்பானிலிருந்து தலைமை நிறுவனம் அனுப்பும் பணமும் அதில்தான் சேரும்.

தண்ணீர் புகுந்த இடத்தோடு சேதம் முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. பாங்காக்குக்கு வடக்கே உள்ள மாகாணங்களான அயுத்தயாவில் 5, பதும் தானியில் 2 என 7 தொழிற்பேட்டைகள் மூழ்கின. டொயோட்டா ஆலைகள் மூழ்கவில்லை, ஆனாலும் உதிரிபாகம் வராமல் அவையும் நின்றன. ஹார்ட் டிஸ்க் செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆலை மூழ்கியதும் உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது.

எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த தவறு: நாட்டின் சராசரியை வைத்து ஒரு பகுதியை எடைபோடுவது. ஹோண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அயுத்தயா ஆலையில் வெள்ளத்தில் மூழ்கிய 1,055 கார்களை உடைத்துப்போட்டது, 2012 மார்ச் கடைசியில் அங்கேயே மறுபடி உற்பத்தியைத் தொடங்கியது. சப்ளையர்களையும் பழகிய தொழிலாளர்களையும் விட்டுவிட்டு அவ்வளவு சுலபமாகக் கிளம்பிவிட முடியாது. ஆனால் அடுத்த ஆலையை எங்கே கட்டினார்கள்? பிராச்சின்புரி என்ற வேறு மாகாணத்தில், மேட்டு நிலத்தில், 2016-ல் திறந்தார்கள். நாட்டுக்கணக்கில் முதலீடு குறையவில்லை, அயுத்தயாவுக்கோ அடுத்த தலைமுறை வேலைவாய்ப்பு போய்விட்டது.

அப்புறம், காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் பாதுகாப்பைக் குறைத்து பிரீமியத்தை ஏற்றியதால், தாய்லாந்து அரசே 5,000 கோடி பாத்தில் பேரிடர் காப்பீட்டு நிதியம் அமைக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஆலை எப்படியாவது சமாளித்துவிடும்; அதற்குத் திருகாணி செய்து கொடுக்கும் உள்ளூர்ப் பட்டறைக்குக் காப்பீடும் இல்லாமல், கடனும் கிடைக்காமல் போனால், அந்த வட்டாரம் மீண்டுவிட்டது என்று எந்த எண்ணை வைத்துச் சொல்வது?