உயிரோட இருக்குற செல்லுல ஹேலோடேக் லேபிளிங் பண்றது எப்படி

புரோட்டீன் எங்க போகுதுன்னு பாக்க ஜிஎஃப்பி (பச்சையா ஒளிர்ற புரோட்டீன்) இருக்கேன்னு கேப்பீங்க, நிறைய வேலைக்கு அதுவே தாராளம், ஆனா ரொம்ப நேரம் லேசர் அடிச்சு படம் எடுக்கணும்னா சீக்கிரம் மங்கிடும், அந்த மாதிரி வேலைக்குத்தான் ஹேலோடேக். ஒரு பாக்டீரியா என்சைமை மாத்தி செஞ்ச 297 அமினோ ஆசிட் டேக் இது, நம்ம புரோட்டீனோட ஒட்ட வச்சுட்டா குளோரோஆல்கேன்ங்கற வால் இருக்குற டையைப் (ஒளிர்ற சாயம்) புடிச்சுக்கும், கோவேலன்ட் பாண்டு, அதாவது பலமான கெமிக்கல் பிணைப்புங்கறதால கழுவினாலும் விடாது.

செல்லை கண்ணாடி அடி வச்ச டிஷ்ல போடுங்க, கண்ணாடி 0.17 மிமீ. ரெண்டு டிஷ் வேணும், ஒண்ணுல பிளாஸ்மிட் (டேக் ஒட்டின புரோட்டீனோட ஜீன் இருக்குற டிஎன்ஏ வளையம்) செல்லுக்குள்ள விடுங்க, இன்னொண்ணு சும்மா இருக்கட்டும். இந்த ரெண்டாவதை தயவுசெஞ்சு விட்றாதீங்க.

மறுநாள் ரெண்டு டிஷ்லயும் டை. டிஎம்ஆர், ஜேஎஃப்549, ஜேஎஃப்646ங்கற டை எல்லாம் செல்லுக்குள்ள போகும், அலெக்ஸா 488 லிகண்ட்ங்கற டை மெம்பிரேனைத் (செல்லைச் சுத்தி இருக்குற சவ்வு) தாண்டாது, அது வெளிப்பக்கம் இருக்குற புரோட்டீனுக்கு மட்டும்தான். டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல டையைக் கரைச்சு வச்ச 1 மில்லிமோலார் ஸ்டாக்ல இருந்து 1 மைக்ரோலிட்டர் எடுத்து 99 மைக்ரோலிட்டர் மீடியத்துல (செல் வளர்ற திரவம்) கலக்குங்க, அதுல 20 எடுத்து 980 மீடியத்துல விட்டா 200 நானோமோலார் வந்துரும். ஸ்டாக்கை நேரா டிஷ்ல விட்டா 0.2 மைக்ரோலிட்டர் எடுக்கணும், பிப்பெட்ல அது சரியா வராது.

37 டிகிரில 30 நிமிஷம். அப்புறம் சூடு பண்ணின மீடியத்துல மூணு தடவை கழுவிட்டு, புது மீடியம் ஊத்தி இன்னொரு அரை மணி நேரம் இன்குபேட்டர்லயே வைங்க, உள்ள ஒட்டாம மிச்சம் இருக்குற டை மெதுவாத்தான் வெளிய வரும், அவசரப்பட்டா பேக்ரவுண்ட் தூக்கிடும். கடைசியா பீனால் ரெட்ங்கற நிறப்பொருள் இல்லாத மீடியத்துக்கு மாத்திட்டு மைக்ரோஸ்கோப்புக்குப் போங்க.

நான் ஆரம்பத்துல இந்த அரை மணி நேரத்தை விட்டுட்டு நியூக்ளியஸைச் சுத்தி புள்ளி புள்ளியா அழகா தெரியுதேன்னு, புரோட்டீன் வெசிக்கிள்ல (செல்லுக்குள்ள இருக்குற குட்டிப் பை) இருக்குன்னு நோட்டுல எழுதியே வச்சுட்டேன், ரெண்டு வாரம் கழிச்சு பிளாஸ்மிட் இல்லாத டிஷ்ஷைப் பாத்தா அங்கயும் அதே புள்ளி, அவ்வளவும் ஒட்டாத டை. அந்த வாரம் எடுத்த படம் எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதாச்சு. அதனால முதல்ல சும்மா டிஷ்ஷைத்தான் பாருங்க, அதே லேசர், அதே எக்ஸ்போஷர். அங்கயும் ஒளி இருந்தா டையை 50 நானோமோலாருக்குக் குறைங்க, இல்லன்னா ஜேஎஃப்646க்கு மாறுங்க, அது டேக்ல ஒட்டுறதுக்கு முன்னாடி பெருசா ஒளிராது.