நாற்று போனால் அடுத்த நாற்று

காய்கறித் தோட்டம் போடப் போகிறீர்களா? முதலில் வெயிலைப் பாருங்கள். தக்காளி, கத்தரி, வெண்டைக்கெல்லாம் தினம் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது கிடைக்காத மூலையில் கீரை போடலாம்.

விதையை ஒரே நாளில் கொட்டித் தீர்க்காதீர்கள். நான் எப்போதும் பாதியைத்தான் விதைப்பேன், மீதி இரண்டு வாரம் கழித்து. பெருமழை முதல் பாத்தியை அடித்துக்கொண்டு போனாலும் கையில் விதை இருக்கும். விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும்.

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை சாய்ந்து கிடக்கிறதா? தண்டின் அடியைப் பாருங்கள். நீர் கோத்து, நூலாக மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். பிழைக்காது, பிடுங்கிவிடுங்கள். மருந்து தேடி அலைவதைவிட, புது மண்கலவையில் மறுபடி விதைத்து, தண்ணீரை அளவாக விடுவது மேல் என்பேன். தண்டு நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தால் வெட்டுப்புழுவின் வேலை. பக்கத்து மண்ணை விரலால் கிளறுங்கள், ஐயா சுருண்டு படுத்திருப்பார்.

நடவு மாலையில். தக்காளியை மட்டும் தண்டு பாதி புதைய நடுங்கள். புதைந்த இடத்திலும் வேர் விடும். அப்புறம் காய்ந்த இலையால் மூடாக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்ணை மூடிவிடுங்கள். கடும் வெயிலில் பூ உதிர்ந்தால் பதறி உரத்தைக் கொட்டாதீர்கள், சூடு தணிந்ததும் பிஞ்சு பிடிக்கும்.