அறம் எங்கிருந்து வருகிறது? வாதிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“கடவுள் இல்லையென்றால் திருடுவதில் என்ன தவறு?” என்று ஒருவர் கேட்பார். “அப்படியானால் தண்டனைக்குப் பயந்துதான் நீங்கள் திருடாமல் இருக்கிறீர்களா?” என்று மற்றவர் மடக்குவார். அதோடு பேச்சு நின்றுவிடும். எனக்கு நெருக்கமான இருவர் இப்படித்தான் பல மாதங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் பக்தர், இன்னொருவர் நம்பிக்கை அற்றவர். இருவருமே நேர்மையானவர்கள். கேள்வியைப் பிரித்துக் கேட்கத் தெரியாமல்தான் அவர்கள் பிரிந்தார்கள் என்று இன்றும் எண்ணுகிறேன்.

‘அறம் எங்கிருந்து வருகிறது’ என்பதற்குள் குறைந்தது நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஒரு நெறியை யாரிடம் கற்றோம்? மனித வரலாற்றில் அது எப்படித் தோன்றியது? அது சரியானது என்பதற்கு எது ஆதாரம்? அதன்படி நடக்க நம்மைத் தூண்டுவது எது? இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளுக்குத் தாயும் அதுவே. தீ சுடும் என்பதை அம்மா சொல்லித்தான் அறிந்தோம். அம்மா சொன்னதால் தீ சுடுவதில்லை. மதத்தின் வழியாக நற்பண்புகளைக் கற்றவர், மதம் இல்லாவிட்டால் அந்தப் பண்புகளுக்கு ஆதாரமே இல்லை என்று முடிவுகட்டும்போது இந்த இடத்தில்தான் சறுக்குகிறார். “இது வேதத்தில் வந்தது, ஆகவே எனக்கு வேண்டாம்” என்று ஒதுக்குபவர் சறுக்குவதும் இதே இடத்தில்தான்.

அடுத்து, ‘கடவுள் சொன்னார், அதனால் நல்லது’ என்பதோடு நிறுத்திக்கொள்வது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பு பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரட்டீஸ் கேட்ட கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா? முதலாவதைச் சொன்னால், கொடுமையைக் கட்டளையிட்டாலும் அது நன்மையாகிவிடும். இரண்டாவதைச் சொன்னால், நன்மைக்கான அளவுகோல் கட்டளைக்கு வெளியே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறோம்.

இந்தக் கேள்வியோடு மத நம்பிக்கையின் கதை முடிந்தது என்று கொண்டாடுவதும் தவறுதான். நம்பிக்கையாளர்கள் இதிலிருந்து தப்பி ஓடவில்லை. நன்மை தீமையை அறிவால் அறிய முடியும் என்று இஸ்லாமிய அறிஞர்களில் முஃதஸிலாக்கள் வாதிட்டார்கள்; இறைவன் விதித்ததே நன்மை என்று அவர்களில் இன்னொரு பிரிவினரான அஷ்அரிகள் மறுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், நன்மை என்பது கடவுளின் இயல்பே என்றார். வேதத்தை அறியாதவரும் பகுத்தறிவால் அடிப்படை அறத்தை உணரலாம் என்றும் எழுதினார். ‘மதவாதிகள் எல்லோரும் கட்டளைக்குத் தலையாட்டுபவர்கள்’ என்பவர்கள் இந்த நீண்ட வாதத்தைப் படித்ததே இல்லை. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். 2003இல் சேரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேலைக்குப் பக்கத்துக் குரங்கு திராட்சை பெறுவதைக் கண்ட கபுச்சின் குரங்குகள் தமக்குக் கிடைத்த வெள்ளரித் துண்டைப் பலமுறை மறுத்தன. 2007இல் வந்த இன்னோர் ஆய்வு, இன்னொரு பொம்மைக்கு இடைஞ்சல் செய்யும் பொம்மையை விட்டு, உதவும் பொம்மையையே கைக்குழந்தைகள் நாடுகின்றன என்றது. பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைத் திரும்பச் செய்து 2024இல் முடிவை வெளியிட்டபோது, அந்தச் சாய்வு தென்படவில்லை. ஓர் ஆய்வைப் படித்தவுடன் ‘அறம் பிறவியிலேயே இருக்கிறது, நிரூபித்தாகிவிட்டது’ என்று முழங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அந்த ஆய்வு பிழையில்லாமல் நின்றிருந்தாலும் ஓர் இடைவெளி மிஞ்சும். ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்கு எப்படித் தாவுகிறீர்கள் என்று தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். பரிணாமம் நமக்கு இரக்கத்தைத் தந்தது என்றால், அயலாரைக் கண்டால் வரும் வெறுப்பையும் அதுதானே தந்திருக்கும்? இரண்டில் எதை வளர்ப்பது என்று முடிவு செய்ய வேறோர் அளவுகோல் தேவை. கடவுளை விட்டால் எல்லாம் அவரவர் விருப்பம் என்பதும் அவசர முடிவு. கடமையைப் பகுத்தறிவின் மீது நிறுவ 1785இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் செய்த முயற்சியை ஏற்கலாம், மறுக்கலாம். அப்படியொரு வழியே கிடையாது என்று சொல்ல முடியாது.

நம்பிக்கையாளர்களா, நம்பிக்கை அற்றவர்களா, யார் அதிகம் தீங்கு செய்தார்கள் என்று கணக்குப் போடுவதுதான் எல்லாவற்றிலும் பயனற்ற வேலை. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் சிலர் அடிமை முறையைக் கண்டித்து ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். பிறர் நமக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோமோ அப்படியே நாமும் செய்ய வேண்டும் என்ற மறைமொழியே அவர்களுடைய வாதம். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அதே விவிலியத்தைக் கையில் ஏந்தித்தான் அடிமை முதலாளிகளும் தம்மை நியாயப்படுத்தினார்கள். நூல் தானாகப் பேசுவதில்லை. படிப்பவரின் மனச்சாட்சியும் கூடவே படிக்கிறது. அறிவியலின் பெயரும் தப்பவில்லை. 1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியபோது, அதை ஆதரித்தவர்கள் மரபியலைத்தான் மேற்கோள் காட்டினார்கள்.

தூண்டுதல் பற்றி ஒரு வார்த்தை. நம்பிக்கையாளர் சொர்க்கத்துக்காகவே நல்லது செய்கிறார் என்று ஏளனம் செய்கிறவர்களுக்குப் புறநானூற்றின் ஒரு சொல்லை நினைவூட்டலாம். இப்பிறவியில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் பார்ப்பவனை ‘அறவிலை வணிகன்’ என்கிறது அது. வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்று புகழ்கிறது. மறுமை பற்றிய எண்ணம் ஊறிய சமூகத்திலேயே அந்த வணிகம் இழிவாகத்தான் பார்க்கப்பட்டது.

கடைசியாக, வேரைப் பற்றி ஒன்றுபடாமல் நெறியில் ஒன்றுபட முடியாது என்ற எண்ணம். 1948இல் மனித உரிமைகள் உலகப் பிரகடனத்தை வரைந்தபோது, மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று சேர்க்கும்படி பிரேசில் கேட்டது. எல்லோர் மீதும் ஒரு மரபைச் சுமத்தக் கூடாது என்று சீனப் பிரதிநிதி பி. சி. சாங் மறுத்தார். வரைவில் இருந்த ‘இயற்கையால்’ என்ற சொல்லும் நீக்கப்பட்டது. கடவுளும் இயற்கையும் வெளியே நிற்க, நியாயமும் மனச்சாட்சியும் மட்டும் முதல் உறுப்புரையில் தங்கின.

டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தன, ஒன்றுகூட எதிர்க்கவில்லை, எட்டு நாடுகள் வாக்களிக்காமல் விலகின. அந்த எட்டில் சோவியத் ஒன்றியம் உட்பட ஆறு கம்யூனிச அரசுகள் இருந்தன. இறைச்சட்டத்தை ஏற்ற சவூதி அரேபியாவும் இருந்தது. இனவெறி ஆட்சியை அப்போதுதான் தொடங்கியிருந்த தென்னாப்பிரிக்கா எட்டாவது. ஆதரித்தவர்களுக்கும் வேர் ஒன்றல்ல, விலகியவர்களுக்கும் வேர் ஒன்றல்ல.