பன்னிரண்டே வாட்ச்: மொரீஷியசில் ஒரு சிறு தொகுப்பைக் கையால் மெருகேற்றிச் செய்யும் முறை

பல்சக்கரம் முதல் ஹேர் ஸ்பிரிங் (மயிரிழைபோன்ற சுருள்வில்) வரை எல்லாவற்றையும் தானே செய்யும் கடிகாரக் கலைஞர்கள் உலகிலேயே மிகச் சிலர். தனியாகப் பட்டறை வைத்திருக்கும் மற்றவர்கள் நல்ல மூவ்மெண்ட் (வாட்சின் உள்ளே ஓடும் இயந்திரம்) ஒன்றை வாங்கிப் பிரித்து, உறுப்பு உறுப்பாகக் கையால் மெருகேற்றி, டயல், முள், கேஸ் மூன்றையும் தங்கள் வடிவில் சேர்த்துத் தொகுப்பாக வெளியிடுகிறார்கள். மொரீஷியசில் ஒரு சிறு பட்டறையில் செய்யக்கூடியதும் இதுதான். கைத்திறன் போதாமல் கெடுகிற வேலையைவிட, வரிசை மாறியதால் கெடுகிற வேலையே அதிகம். ஆகவே கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

மூவ்மெண்ட்

முதல் தொகுப்புக்கு ஸ்விஸ் நிறுவனமான எட்டாவின் 6498-1 உகந்தது. விட்டம் 36.6 மில்லிமீட்டர், தடிமன் 4.5, அச்சுகள் சுழல 17 கல், மணிக்கு 18,000 அதிர்வு. தினமும் சாவி கொடுக்கும் வகை. பாக்கெட் வாட்சுக்காக வந்த வடிவம் என்பதால் பிரிட்ஜுகள் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடுகள்) அகலமானவை. அரம் வைக்க இடம் இருக்கும். இதன் உடன்பிறப்பான 6497-இல் சிறிய விநாடி முள் 9 மணி இடத்தில் வரும், 6498-இல் 6 மணி இடத்தில். சீனாவின் சீ-கல் எஸ்டி36 வரிசையும் இதே அளவில் மலிவாகக் கிடைக்கிறது. கை பழக அது போதும். ஆனால் அதில் ஆலையிலேயே போட்ட அலங்காரம் இருந்தால் அதை முதலில் தேய்த்து எடுத்தாக வேண்டும்.

பன்னிரண்டு வாட்சுக்குப் பதினான்கு மூவ்மெண்ட், பதினைந்து டயல், பதினாறு ஜோடி முள் வாங்குங்கள். முள்ளைப் பொருத்தும்போதுதான் அதிகம் சேதமாகும்.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் முழுச் சாவி கொடுத்து ஒரு வாரம் ஓடவிட்டு, டைம்கிராஃபரில் (டிக்-டாக் ஒலியைக் கேட்டு வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) லிஃப்ட் ஆங்கிள் என்னும் கோண அளவை 44 டிகிரியில் வைத்து, பேலன்ஸ் என்னும் ஊசலாடும் சக்கரத்தின் வீச்சையும் நாளொன்றுக்கு எத்தனை விநாடி விலகுகிறது என்பதையும் எழுதி வையுங்கள். இந்தத் தாள் இல்லையென்றால், பின்னால் வரும் குறை ஆலையில் வந்ததா, உங்கள் கையில் வந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை.

அறையின் ஈரம்

போர்ட் லூயியில் கோடையில் 28 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் வாட்சின் பின்மூடியை மூடினால், உள்ளே அடைபடும் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்ததும் பனிக்கத் தொடங்கும். போட்டவர் ஏசி அறைக்குள் நுழைந்தாலே கண்ணாடியின் உட்புறம் மங்கும். அறையை 24 டிகிரியிலும் 45 சதவீத ஈரப்பதத்திலும் வைத்து மூடினால் அந்த எல்லை 11 டிகிரிக்கு இறங்கிவிடும். இந்தத் தீவில் யாருடைய மணிக்கட்டும் அவ்வளவு குளிராது. ஈரம் இறக்கும் இயந்திரம் ஒன்று கட்டாயம் தேவை. கடற்கரையில் கோடைக்கு, கியூர்பிப் பக்கம் மேட்டுநிலத்தில் ஆண்டு முழுவதும்.

எஃகு உறுப்புகளைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். ஆரஞ்சு நிற மணிகள் நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். சூறாவளி எச்சரிக்கை இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிட்டால் திறந்த மூவ்மெண்ட் எதையும் மேசையில் விடாதீர்கள். மின்சாரம் போய்விட்டால் ஒரே இரவில் துரு பிடிக்கும்.

கல்லை எடுத்த பிறகே அரம்

பிரித்ததும் முதல் வேலை, பிரிட்ஜுகளிலிருந்து கற்களை எடுப்பது. கல் பொருத்தும் அழுத்தியின் மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு கல்லின் ஆழத்தையும் படித்து எழுதிவிட்டுத் தள்ளுங்கள். பேலன்ஸ் பிரிட்ஜில் உள்ள இன்காப்ளாக் அதிர்ச்சித் தாங்கியையும் எடுத்துவிடுங்கள். இதற்குக் காரணம் இரண்டு. மெருகுப் பசை துளைக்குள் புகுந்தால் முழுதாக வெளியே வராது. அதைவிட முக்கியமானது, பின்னால் முலாம் பூசவேண்டும் என்பது. செயற்கை மாணிக்கத்தாலான இந்தக் கற்களுக்குத் துளையிடும் வேலை, 1960-களிலேயே இந்தத் தீவின் ஏற்றுமதித் தொழில்களில் ஒன்றாக இருந்தது. நுணுக்க வேலை இங்குள்ள கைகளுக்குப் புதிதல்ல.

விளிம்பு வேலை

இந்த வாட்ச் யாருடையது என்று சொல்வது விளிம்புதான். நேரத்தில் பெரும்பகுதி இங்கே போக வேண்டும், போகட்டும்.

முதலில் பிரிட்ஜின் பக்கச்சுவர்களை நுண்ணிய அரத்தால் ஒரே திசையில் நீளவாக்கில் தேய்த்து, இயந்திரத் தடங்களை எடுங்கள். பிறகு மேல்பரப்புக்கும் பக்கச்சுவருக்கும் நடுவே 45 டிகிரியில் ஒரு சரிவு வெட்ட வேண்டும். அகலம் 0.25 மில்லிமீட்டர். ஒரு மூலையில் 0.2, இன்னொரு மூலையில் 0.35 என்று வந்தால் யார் கண்ணிலும் உறுத்தும். அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்குங்கள். வளைவுகளில் குட்டிக் குட்டியாக இழுத்தால் விளிம்பு பல துண்டுகளாக முறியும். வளைவின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாகப் போகவேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியை வைத்து, மேசை விளக்கின் ஒளி சரிவில் விழும் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு எங்கே தடிக்கிறதோ அங்கே வெட்டு ஆழமாகிவிட்டது.

உள்மூலைதான் கடினம். இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் இடத்தில் கூரான ஒரே கோடு தெரியவேண்டும். சுழலும் ரப்பர்ச் சக்கரத்தால் அது வரவே வராது; சக்கரத்துக்கு ஆரம் உண்டு, மூலையை உருட்டிவிடும். ஒரு பக்கம் பல் இல்லாத அரத்தை எடுத்து, பல்லில்லாத பக்கம் மறுசரிவைத் தொடும்படி பிடித்து, ஒவ்வொரு தள்ளலும் மூலையில் போய் நிற்கும்படி வெட்டுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கோடு மூலையைவிட்டு நகர்ந்துவிடும். பிரிட்ஜ் வடிவத்தை நீங்களே வெட்டி மாற்றுவதாக இருந்தால், ஒரு பிரிட்ஜில் ஓர் உள்மூலையாவது வையுங்கள்.

அரம் முடிந்ததும் மெருகுப் படலங்கள்: 30, 12, 9, 3, 1 மைக்ரான் வரிசையில், மெல்லிய பித்தளைக் குச்சியில் ஒட்டிப் பயன்படுத்துங்கள். முந்தைய படியின் கீறல் முற்றிலும் மறைந்த பிறகே அடுத்த படி. ஒவ்வொரு படிக்கும் நடுவே பிரிட்ஜையும் கையையும் கழுவுங்கள். 30 மைக்ரான் துகள் ஒன்றே ஒன்று 3 மைக்ரான் படிக்குள் வந்துவிட்டால் அரைநாள் வேலை போயிற்று. 9 மைக்ரானோடு இப்போதைக்கு நிறுத்துங்கள்.

ஏனென்றால் மேல்பரப்பில் ஜெனீவா வரிகள் என்னும் இணைகோட்டு அலங்காரம் போடும்போது விளிம்பில் பிசிறு எழும். சரிவை முன்பே பளபளப்பாக்கியிருந்தால் அதைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். பிரிட்ஜுகள் எல்லாவற்றையும் அடித்தட்டில் திருகிப் பொருத்தி, ஒன்றாக வைத்தே வரி போடுங்கள்; அப்போதுதான் ஒரு பிரிட்ஜில் தொடங்கிய வரி அடுத்ததில் நேராகத் தொடரும். சுழலும் தேய்ப்புத் தட்டை மிகச் சிறிதளவு சாய்த்து, ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் அங்கே ஒரு வளையம் விழும், அதை மறைக்க முடியாது. வரி போட்ட பிறகு 3, 1 மைக்ரான் படலங்கள், கடைசியாகக் கத்திமுனைபோலச் சீவிய கடின மரக்குச்சியில் 1 மைக்ரான் வைரப்பசை. உள்மூலைக்குள் போகக்கூடியது அந்த மரமுனை ஒன்றுதான். மெத்தென்ற துணியால் அதிகம் தேய்க்காதீர்கள். பித்தளை மிருதுவானது, பரப்பு அலையலையாகிவிடும்.

தொகுப்பு எண்ணைப் பொறிப்பதும் இந்தக் கட்டத்தில்தான், முலாமுக்கு முன்.

முலாம்

ஆலையிலிருந்து வந்த முலாம் அரம் பட்ட இடமெல்லாம் போய்ப் பித்தளை தெரியும். நகை முலாம் பூசும் பட்டறையில் கொடுத்து, நிக்கல் 1 மைக்ரான், மேலே ரோடியம் 0.2 மைக்ரானுக்குள் என்று எழுத்தில் கேளுங்கள். நகைக்குப் பூசுவதுபோலத் தடிமனாகப் பூசிவிட்டால் தொல்லை: 3 மைக்ரான் முலாம் ஒரு துளையை 6 மைக்ரான் குறுக்கும். அந்தத் துளையில் கல்லை அழுத்தினால் கல் விரிசல் விடலாம். முலாம் கீறலை மூடாது, காட்டிக்கொடுக்கும். அனுப்புமுன் லூப்பில் இன்னொரு முறை பாருங்கள்.

திரும்பி வந்ததும் எழுதிவைத்த ஆழத்துக்கே கற்களை அழுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சுக்கும் மேல்கீழ் இடைவெளி 0.02 முதல் 0.04 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். சாமணத்தால் பிடித்துத் தூக்கினால் அசைவு கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவு அது.

நீலத் திருகுகள்

திருகின் தலையை வெள்ளீயத் தட்டில் டயமன்டைன் என்னும் மெருகுப் பொடியும் ஒரு துளி எண்ணெயும் கலந்து தேய்த்துத் தட்டையாக்குங்கள். சரியாக வந்துவிட்டால் ஒரு கோணத்தில் கறுப்பாகவும் இன்னொரு கோணத்தில் வெள்ளையாகவும் தெரியும். இரண்டுக்கும் நடுவே சாம்பல் தெரிந்தால் இன்னும் முடியவில்லை. பிறகு ஆல்கஹாலில் கழுவி, விரல் படாமல், திருகு நிற்கும் அளவுக்குத் துளைபோட்ட பித்தளைத் தட்டில் நிறுத்தி ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடியுங்கள். 230 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, 280-இல் ஊதா, 290 முதல் 300-க்குள் நீலம். அதற்கும் மேலே போனால் வெளிர்நீலம், பின் சாம்பல். ஊதா நீலமாக மாறத் தொடங்கும்போதே எடுத்துக் குளிர்ந்த இரும்புக் கட்டையில் வையுங்கள். உள்ளிருக்கும் சூடு மீதி நிறத்தைக் கொண்டுவந்துவிடும். பெரிய திருகையும் சிறிய திருகையும் ஒரே தட்டில் சூடாக்காதீர்கள், சிறியது முந்திவிடும். நிறம் தவறினால் மறுபடி மெருகேற்றித் தொடங்கலாம்.

டயல்

நம் ரூபாய் நோட்டில் தமிழ் எண்கள் இருக்கும் நாட்டில் தமிழ் எண் டயல் செய்யாமல் எப்படி இருப்பது? 0.4 மில்லிமீட்டர் பித்தளைத் தட்டு, 38 மில்லிமீட்டர் விட்டம், பின்புறம் இரண்டு செப்புக் கால்கள். கால்களை டயலுக்கு நிறம் பூசும் முன்பே பற்றவையுங்கள். பிறகு செய்தால் சூடு பட்டு முன்புறம் நிறம் மாறும்.

10, 11, 12 ஆகியவற்றை ௰, ௰௧, ௰௨ என்று மரபுப்படி எழுதுவதே அழகு. ஆனால் ௰௨ அகலமானது, ௧ ஒல்லியானது. எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் போடாமல், கண்ணுக்கு ஒரே கனமாகத் தெரியும்படி ஒவ்வொன்றையும் தனியாக வரைய வேண்டும். ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ எழுத்துகளைப் போலவே இருப்பதால், கணினி எழுத்துருவை அப்படியே எடுத்துப் போட்டால் டயல் பெயர்ப்பலகைபோல ஆகிவிடும். சுழிகளைத் திறந்து வரையுங்கள், 0.1 மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு வேண்டாம். டயலில் மையை ஒற்றும் சிலிக்கோன் அச்சுத் திண்டில் சுழி அடைபடும். 6498-இல் ௬ (6) இருக்கவேண்டிய இடத்தைச் சிறுவிநாடி வட்டம் எடுத்துக்கொள்ளும். எண்ணைப் பாதியாக வெட்டி ஒட்டவைக்காமல் முழுதாக விட்டுவிடுவதே நல்லது.

டயலின் அடியில் ஸ்விஸ் மேட் என்று அச்சிடாதீர்கள். 2017 முதல் அந்தச் சொல்லுக்கு, செய்த செலவில் 60 சதவீதமாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும்; பொருத்துவதும் இறுதிச் சோதனையும்கூட அங்கேயே நடக்கவேண்டும். இங்கே பொருத்தியதற்கு அது பொய்.

பொருத்துதல்

கழுவும்போது ஒரே எச்சரிக்கை: பாலட்டின் (எஸ்கேப் சக்கரத்தைப் பல் பல்லாக விடும் நெம்புகோல்) கற்களும் பேலன்ஸில் உள்ள ரோலர் கல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை, ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். அவற்றைச் சில விநாடிக்கு மேல் ஆல்கஹாலில் விடாதீர்கள்.

பேலன்ஸ், எஸ்கேப் சக்கரம், நான்காம் சக்கரம் ஆகியவற்றுக்கு மோபியஸ் 9010 எண்ணெய்; முதன்மை வில் இருக்கும் பீப்பாயின் அச்சுக்கும் நடுச்சக்கரத்துக்கும் ஹெச்பி 1300; பாலட் கற்களின் முகத்துக்கு 9415. பாலட்டின் அச்சுகளுக்கு எண்ணெய் விடவே கூடாது. கல்லின் குழியில் பாதிக்குச் சற்று மேல் நிறைந்தால் போதும். வழிந்தால் எண்ணெய் பரவி, கல் சீக்கிரம் வறண்டுபோகும். ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு பொட்டு பட்டாலும் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தறிகெட்டு வேகமாக ஓடும்.

முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி, வீச்சு 270 முதல் 300 டிகிரி. 24 மணி நேரம் கழித்து 220-க்குக் குறையக் கூடாது. டிக்-டாக் சமமின்மை 0.5 மில்லிவிநாடிக்குள். பிரித்தபோது எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். வீச்சு 20 டிகிரிக்கு மேல் இறங்கியிருந்தால் எண்ணெயை மாற்றிப் பார்த்து நேரம் கடத்தாதீர்கள், கற்களின் ஆழத்தைப் பாருங்கள். ஸ்விஸ் க்ரோனோமீட்டர் அளவுகோல் நாளொன்றுக்கு −4 முதல் +6 விநாடி. இந்த மூவ்மெண்டை மூன்று நிலைகளிலாவது அதற்குள் கொண்டுவரப் பாடுபடலாம்.

மணி முள், நிமிட முள் இரண்டையும் ௰௨-இல் ஒன்றாக நிற்கும்படி அழுத்தி, 12 மணி நேரம் சுற்றவிட்டு எங்கும் உரசாததைப் பார்த்த பிறகே கேஸில் வையுங்கள்.

கேஸ்

316எல் எஃகே வேண்டும். அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் கடல் உப்பில் பரப்பில் குழி விழாமல் காக்கிறது; மலிவான 304-இல் அது இல்லை. மூடியபின் அழுத்தச் சோதனை. அதன்பின் வாட்சை 40 முதல் 45 டிகிரிக்குச் சூடாக்கி, கண்ணாடியின் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். உள்ளே மங்கல் தெரிந்தால் ஈரம் சிக்கியிருக்கிறது; திறந்து, உலர்த்தி, மறுபடி மூடுங்கள்.

வாங்குபவர் கையில் கொடுக்கும்போது முதல் டைம்கிராஃபர் தாளையும் கடைசித் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். தினமும் சாவி கொடுக்கும் வாட்ச் ஆகையால் சாவித் தண்டின் ரப்பர் வளையம் சீக்கிரம் தேயும். ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தோல் வார் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், கூடவே ரப்பர் வார் ஒன்றும் வையுங்கள். தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர் வாட்சை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். வியர்வையோடு சேர்ந்த விபூதி சாவிக்கடியில் படிந்தால் அந்த வளையத்தை அரித்துத் தேய்க்கும்.

மீந்த இரண்டு மூவ்மெண்டையும் விற்காதீர்கள். பத்து ஆண்டு கழித்து ஒருவர் உடைந்த பேலன்ஸ் அச்சோடு வரும்போது, அதே ஆண்டில் வந்த உறுப்பு உங்கள் அலமாரியில் இருக்கவேண்டும்.