மெய்ப்புப் பார்க்க ஆள் சேர்த்தாயிற்று, அப்புறம்?

நூல்களை இணையத்தில் உரையாக ஏற்றும் தளமான தமிழ் விக்கிமூலத்தில் ஒரு பழைய நூலை எடுத்துக்கொண்டால், எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) தந்த உரையை வருடிய படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த நாலு பேராவது வேண்டும். ஆள் கிடைத்ததும் "ஆளுக்கு 50 பக்கம், ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் ஒருங்கிணைப்பவர் செய்யும் முதல் தவறு. நானும் செய்திருக்கிறேன். வாரக் கடைசியில் பார்த்தால், ஒருவர் அச்சில் உள்ளபடியே விட்டிருந்தார். இன்னொருவர் நூலாசிரியருக்கே சந்தி சொல்லிக்கொடுத்து, விடுபட்ட ஒற்றையெல்லாம் சேர்த்திருந்தார். பாவம், நாள்கணக்கில் உழைத்திருந்தார். அத்தனையும் திரும்ப மாற்ற வேண்டியதாயிற்று. அச்சில் இருப்பதுதான் உரை என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தால் அவருக்கு அந்த வேலை மிச்சம்.

அதே குறிப்பில் எழுத்துச் சிக்கல்களையும் சேர்த்துவிடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கையோடு நிற்கும். யூனிகோடில் பழைய வடிவத்துக்குத் தனிக் குறியீடு கிடையாது. வழக்கம்போல் தட்டினால் போதும். இதைவிடப் பொல்லாதது ஔகாரம். 'கௌதமன்' என்பதைக் ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டுக் 'கெளதமன்' என்று தட்டினாலும் திரையில் ஏறக்குறைய அப்படியேதான் தெரியும். தேடினால் மட்டும் அகப்படாது.

அடுத்த தவறு, பக்க எண்ணிக்கைக்குப் பரிசு. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால், "நீ என்னுடையதைப் பார், நான் உன்னுடையதைப் பார்க்கிறேன்" என்று படத்தைத் திறக்காமலே பச்சை ஏறும். 'காலம்' என்பது 'கரலம்' என்றிருந்தால் எவர் கண்ணிலும் படும். 'மார்கழிப் பனி' 'மார்கழிப் பணி' ஆகியிருந்தால் படாது; வாக்கியம் இடறாமல் ஓடிவிடும். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொருவரிடமிருந்தும் ஐந்து பக்கத்தையாவது படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

புதியவர் செய்த பிழையைச் சத்தமில்லாமல் நீங்களே திருத்திவிடுவதும் தவறுதான். அடுத்த பக்கத்திலும் அதையே செய்வார். அவருடைய பேச்சுப் பக்கத்தில், எந்தப் பக்கம், எந்தச் சொல், ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அட்டவணையும் அடிக்குறிப்பும் நிறைந்த பக்கங்களை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள். கதைப் பக்கம் பத்து முடிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.