ஈர்ப்பை மின்காந்தத்தோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடும் மின்னூட்டத்தைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. அப்படியானால் ஓடும் நிறையைச் சுற்றியும் அதுபோல ஒன்று உண்டாக வேண்டாமா? ஆலிவர் ஹெவிசைடு 1893-இல் இதைக் கேட்டு, ஈர்ப்புக்கு மாக்ஸ்வெல் வடிவத்தில் சமன்பாடுகள் எழுதிப் பார்த்தார். பொதுச் சார்பியலிலும், புலம் வலுக்குறைந்து நிறைகள் மெதுவாக நகரும் இடங்களில், ஏறக்குறைய அதே வடிவம் கிடைக்கிறது. இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒப்புமைகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் இது தவறாகக் கையாளப்படும்போது மனம் பொறுப்பதில்லை.

மின்காந்தச் சூத்திரத்தில் மின்னூட்டம் இருந்த இடத்தில் நிறையை வைத்து, குறியை மட்டும் மாற்றுவது பலர் செய்யும் முதல் தவறு. ஒளித்துகளின் தற்சுழற்சி 1. ஈர்ப்புப் புலத்தினுடையது 2. இந்த வேறுபாட்டால் ஈர்ப்பின் காந்தப் பகுதியில் (ஓடும் நிறை உண்டாக்குவது) 2 அல்லது 4 என்ற காரணி கூடுதலாக வருகிறது. சில நூல்கள் அதைப் புலத்தின் வரையறைக்குள் அடக்குகின்றன, சில விசையில் வைக்கின்றன. ஒரு நூலின் புலத்தையும் இன்னொரு நூலின் விசையையும் சேர்த்தால் விடை பிழையாகும்.

அடுத்தது, அளவைப் பார்க்காமல் பேசுவது. விண்மீன் மண்டலங்களின் சுழற்சி வேகத்தை ஈர்ப்பின் காந்தப் பகுதியைக் கொண்டே விளக்கிவிடலாம், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் தேவையில்லை என்ற வாதம் அவ்வப்போது எழுகிறது. நம் மண்டலத்தில் சூரியன் நொடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. இதை ஒளியின் வேகத்தால் வகுத்து இருமடியாக்கினால் 20 லட்சத்தில் ஒரு பங்குதான் வரும். வழக்கமான ஈர்ப்போடு ஒப்பிட்டால் காந்தப் பகுதியின் வலிமை அவ்வளவே. தேவையோ, கிட்டத்தட்ட அந்த ஈர்ப்புக்கே நிகரான கூடுதல் விசை.

மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளுக்கு வரும்போதுதான் மிக நுட்பமான தவறு நேர்கிறது. ஈர்ப்பு மாறிலியை மட்டும் மாற்றினால் போதும், மின் பகுதியும் (வழக்கமான ஈர்ப்பு) காந்தப் பகுதியும் சேர்ந்தே கூடும் அல்லது குறையும் என்று எண்ணிவிடுகிறோம். பிரான்ஸ்-டிக்கி (1961) போன்ற கோட்பாடுகளில் கூடுதலாக ஒரு ஸ்கேலார் புலம் (திசையின்றி அளவு மட்டும் உள்ள புலம்) உண்டு. அது மின் பகுதியை வலுப்படுத்தும். ஓடும் நிறை உண்டாக்கும் காந்தப் பகுதியை நேரடியாகத் தொடாது. நிறையற்ற ஸ்கேலார் கொண்ட எஃப்(ஆர்) என்ற மாற்றுக் கோட்பாட்டில் மின் பகுதி 4/3 மடங்காகிறது, காந்தப் பகுதி இருந்தபடியே இருக்கிறது. மின் பகுதியை நாம் அளக்கும் ஈர்ப்போடு பொருத்திவிட்டால், காந்தப் பகுதி பொதுச் சார்பியல் சொல்வதில் முக்கால் பங்காகத் தெரியும்.

கதிர்வீச்சிலும் இந்த ஸ்கேலாரை மறக்கக் கூடாது. உந்தம் அழியாதிருப்பதால் பொதுச் சார்பியலில் இருமுனைக் கதிர்வீச்சு (இரு முனைகளின் ஊசலாட்டத்தால் எழும் அலை) கிடையாது. ஆனால் ஸ்கேலார் புலம் இருந்தால், நியூட்ரான் விண்மீனும் வெள்ளைக் குள்ளனும் ஒன்றையொன்று சுற்றும் இணையில் இரண்டின் ஸ்கேலார் 'மின்னூட்டம்' வேறுபடலாம். அப்போது, மின்காந்தத்தில் போலவே, இருமுனைக் கதிர்வீச்சு வெளிப்படும். பல்சார் (துடிப்பாக ரேடியோ அலை வீசும் நியூட்ரான் விண்மீன்) உள்ள இணைகளின் சுற்றுக்காலம் குறையும் வேகத்தைக் கொண்டு இக்கோட்பாடுகளைச் சோதிப்பது இதனால்தான்.

வெளி-கால வளைவின் ஒரு பகுதியைக் குறிக்கும் வெய்ல் டென்சரையும் மின், காந்தப் பகுதிகள் என்ற இதே பெயர்களில் பிரிப்பதுண்டு. அது ஓத விசையை, அதாவது இடத்துக்கு இடம் ஈர்ப்பு வேறுபடுவதால் வரும் விசையைப் பற்றியது. இதனோடு கலக்கக் கூடாது.

கடைசியாக, சோதனைகளைப் பற்றி. கிராவிட்டி புரோப் பி விண்கலத்தின் முடிவு 2011-இல் வெளியானது. பூமியின் சுழற்சி உண்டாக்கும் காந்தப் பகுதியால் கைரோஸ்கோப்பின் (வேகமாகச் சுழலும் கோளத்தின்) அச்சு ஆண்டுக்கு 37.2 மில்லி வில்நொடி திரும்பியது, பிழை வரம்பு 7.2, பொதுச் சார்பியல் கணித்தது 39.2. மாற்றுக் கோட்பாடுகள் இதோடு வீழ்ந்தன என்று சொல்ல முடியாது, ஏனெனில் பிழை வரம்பே ஏறத்தாழ 19 விழுக்காடு. ஸ்கேலார் கோட்பாடுகளை இதைவிடப் பன்மடங்கு இறுக்கமாகக் கட்டுப்படுத்துவது, காசினி விண்கலத்தின் ரேடியோ அலைகள் சூரியனருகே கடந்ததை அளந்து 2003-இல் பெற்ற முடிவு. ஆனால் செர்ன்-சைமன்ஸ் ஈர்ப்புக் கோட்பாட்டில் நிலைமை தலைகீழ். சுழலாத கோளத்தின் புலம் அதில் சிறிதும் மாறுவதில்லை. காந்தப் பகுதி மட்டுமே மாறுகிறது. அங்கே காசினியின் எண்ணால் பயனில்லை, கைரோஸ்கோப்பைத்தான் கேட்க வேண்டும்.